குடவோலையும் காட்டுப்பள்ளிக் கரையும்

எம் துறை மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை கல்வெட்டுள்ள ஓர் ஊருக்கு அழைத்துச் செல்வது வழக்கம். சென்றமுறை உத்திரமேரூர் சென்றோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற குடவோலை விதிகளை நின்று படித்துக்காட்டினேன். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தபோது, காட்டுப்பள்ளிக்குப்பத்திலிருந்து வந்து பயிலும் மாணவன் ஒருவன், "ஐயா, ஏரிக்கென்று தனியாக ஆள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எங்கள் முகத்துவாரத்துக்கு யாரை ஐயா தேர்ந்தெடுத்திருக்கிறோம்?" என்று கேட்டான்.

சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர், ஊராட்சித் தலைவர் என்று வரிசையாகச் சொன்னேன். ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் விடை அது. பேருந்தில் திரும்பி வருகையில் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அவனுக்குக் காலந்தாழ்த்திச் சொல்லும் மறுமொழி.

குடவோலையை நாம் மேடைகளில் பெருமைக்காகவே பயன்படுத்திவிட்டோம். அது அந்தணர் குடியிருப்பாகிய சதுர்வேதிமங்கலத்துச் சபையின் தேர்தல். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவர், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதுடையவர், சொந்த மனையில் வீடு கட்டி இருப்பவர் என்றெல்லாம் வரம்பு உண்டு. உழுதவனுக்கும் பெண்டிருக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. இவற்றை மறைத்துவிட்டு "உலகின் முதல் மக்களாட்சி" என்று முழங்குவது ஆய்வாளர்க்கு அழகன்று. எனினும் அவ்விதிகளுள் ஒன்று என்னை எப்பொழுதும் நிறுத்திவிடும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடலாகாது என்பதே அது. ஏரியை ஓராண்டு உன் கையில் கொடுத்தோம். நீ கணக்கை ஒப்படைக்கவில்லை. இனி உனக்கும் இல்லை, உன் மைத்துனனுக்கும் இல்லை. இவ்வளவுதான் செய்தி.

இனி நம் கரைக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கெல்லை வங்கக்கடல். எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில் ஒருபுறம் கடலும் மறுபுறம் கொசஸ்தலையாற்றின் கழியும் பக்கிங்காம் கால்வாயும் இருக்க, நடுவில் கிடப்பது மெல்லிய மணல்திட்டு. அதன்மீது 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. எல் அண்ட் டி நிறுவனம் கட்டிய இத்துறைமுகத்தை 2018இல் அதானி குழுமம் வாங்கியது. பின்னர் 330 ஏக்கர் அளவினதான துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் பெருக்கவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 கோடி டன் சரக்கைக் கையாளும் திறனை 32 கோடி டன்னாக உயர்த்தவும் திட்டம் வரையப்பெற்றது. அந்நிலப்பரப்பில் ஒரு பகுதி கடலைத் தூர்த்துப் பெறவேண்டியது.

2021 சனவரி 22 அன்று நடைபெறுவதாயிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் பெருந்தொற்றுக் காலத்தில் தள்ளிப்போனது. அடுத்த சில வாரங்களில் சட்டமன்றத் தேர்தல் பரப்புரை சூடேறியது. ஆட்சிக்கு வந்தால் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை அனுமதியோம் என்று தி.மு.க. தலைவர் மு.க. ஸ்டாலின் வாக்களித்தார். ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு. 2016இல் அ.தி.மு.க. வென்றிருந்த பொன்னேரி, கும்மிடிப்பூண்டி ஆகிய இரு தொகுதிகளும் 2021இல் தி.மு.க. அணிக்கு மாறின, பொன்னேரியில் காங்கிரசின் துரை சந்திரசேகரும், கும்மிடிப்பூண்டியில் தி.மு.க.வின் டி.ஜே. கோவிந்தராசனும் வென்றனர். துறைமுகம் ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மாநிலமெங்கும் அன்று வீசிய காற்று அது. ஆனால் நான் அறிந்தவரை, எம் மாவட்டத்துக் கடற்கரை இவ்வளவு பெரிய தேர்தலில் பெயர்சொல்லிப் பேசப்பட்டது அரிது. குப்பங்களில் அதை எண்ணித்தான் பலர் வாக்களித்தனர் என்பதை மாணவர் வாயிலாகவே கேட்டிருக்கிறேன்.

பின் நிகழ்ந்தது என்ன? 2023 செப்டம்பர் 5ஆம் நாள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று மீண்டும் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்தது. மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது. வாக்குறுதி முறிந்ததா, காக்கப்பட்டதா? இரண்டும் இல்லை. ஒத்திவைப்பு என்பது மறுப்பு அன்று, இசைவும் அன்று. இசைவாக இருந்திருந்தால் எதிர்த்து வழக்காடலாம். மறுப்பாக இருந்திருந்தால் வலையைச் சரிசெய்துகொண்டு நிம்மதியாக உறங்கலாம். ஒத்திவைப்பில் வீடு கட்டலாமா, படகு வாங்கக் கடன் எடுக்கலாமா, மகளை அதே ஊரில் கட்டிக்கொடுக்கலாமா என்று எதற்கும் விடை கிடைக்காது.

இவ்விடத்தில் எங்கள் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்ன மறுப்பையும் எழுதவேண்டும். "கப்பல் வந்து வாழ்ந்த ஊர்தானே பழவேற்காடு! கப்பல் வேண்டாமென்று நாமே சொல்லலாமா?" என்றார். நியாயமான கேள்வி. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பியது 1613இல். அதற்கு முன்னும் பின்னும் அத்துறையிலிருந்து கீழைக் கடல்நாடுகளுக்குத் துணி ஏற்றிச் சென்றோருள் நம் முன்னோரும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட் இல்லையேல் எம் மாணவர் பலர் வீட்டில் அடுப்பெரியாது என்பதும் உண்மையே. வகுப்பில் இப்பொருளை விவாதத்துக்கு விட்டபோது, துறைமுகத்தில் அண்ணன் வேலைபார்க்கும் மாணவி ஒருத்தி, "கடலில் மீன் குறைந்ததால்தான் ஐயா அவன் அங்கே போனான், இப்போது அந்த வேலையும் போகட்டும் என்கிறீர்களா?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. பெரியவரிடம் நான் சொன்னது இதுதான்: அன்று கப்பல் முகத்துவாரத்துக்கு அப்பால் நங்கூரமிட்டது, தோணிதான் உள்ளே வந்தது. கடல் இருந்த இடத்தில் இருந்தது. இன்று கேட்பது கப்பலுக்கு இடம் அன்று, கடலின் இடம். அவர் தலையசைத்தார், ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

வாக்குறுதிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொலைவை அறிய நெடுந்தூரத்து எடுத்துக்காட்டு ஒன்று உதவும். கனடாவில் நிலமும் கனிமமும் அவற்றின் உரிமத்தொகையும் மாகாணங்களுக்கே உரியவை என 1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் வகுத்தது. 1982இல் அது மேலும் உறுதிசெய்யப்பட்டது. ஆகவே அங்கு மாகாணத் தேர்தலென்றால் எண்ணெய், எரிவாயு, காடு ஆகியவற்றைப் பற்றிய தேர்தல் என்றே பொருள். மேற்குக்கரை மாகாணமாகிய பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2013 மே மாதம் தேர்தல். அண்டை மாகாணமான ஆல்பர்ட்டாவிலிருந்து கடற்கரைக்கு எண்ணெய் கொண்டுவரும் டிரான்ஸ் மவுண்டன் குழாய்ப்பாதை விரிவாக்கத்தைப் புதிய சனநாயகக் கட்சித் தலைவர் ஏட்ரியன் டிக்ஸ் பரப்புரையின் நடுவில் எதிர்த்தார். அவர் வெல்வார் என்றே கணிப்புகள் கூறின, தோற்றார். தொழிலாளர் வாக்கை அந்த ஒரு பேச்சே கலைத்தது என்று கூறுவோர் இன்றும் உளர். 2017இல் அதே கட்சி அதே எதிர்ப்பை முன்வைத்தது. 87 இடங்களில் ஆளுங்கட்சிக்கு 43, இவர்களுக்கு 41, பசுமைக் கட்சிக்கு 3. அம்மூவரின் ஆதரவோடு ஜான் ஹோர்கன் முதல்வரானார்.

கதை அங்கே முடிந்திருந்தால் நமக்கு இனிய பாடம்! 2018இல் கனடிய நடுவணரசு அக்குழாய்ப்பாதையை 450 கோடி கனடிய டாலர் கொடுத்துத் தானே வாங்கிவிட்டது. மாகாணங்களுக்கிடையே செல்லும் குழாய் நடுவணரசின் எல்லைக்குட்பட்டது, மாகாணம் அதைக் கட்டுப்படுத்த இயலாது என்று 2020 சனவரியில் உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் விரிவாக்கப்பட்ட குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. வாக்காளர் தம் கடமையைச் செய்தனர்; வாக்குறுதி தந்தவரும் ஏமாற்றியதாகத் தோன்றவில்லை; தம் கைக்கு எட்டாத ஒன்றை அவர் தருவதாகச் சொல்லியிருந்தார், அவ்வளவே.

நம் நாட்டில் இத்தொலைவு இன்னும் மிகுதி. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க உரிமம் 2024 நவம்பரில் ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஏலம் விட்டது நடுவணரசு. 2023இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் அவ்வதிகாரத்தை அதனிடம் வைத்திருந்தது. மாநிலச் சட்டமன்றம் டிசம்பரில் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. ஊர்மக்கள் மதுரைக்கு நடந்தே சென்றனர். 2025 சனவரியில் ஏலம் இரத்தாயிற்று. அதை இரத்துச் செய்தது எந்தத் தேர்தலும் அன்று.

காட்டுப்பள்ளியின் நிலை வேறு. அது பெருந்துறைமுகம் அன்று; மாநிலக் கடல்சார் வாரியத்தின் எல்லைக்குட்பட்ட சிறுதுறைமுகம். சுற்றுச்சூழல் இசைவு நடுவணமைச்சகத்தின் கையில் இருப்பினும், கருத்துக்கேட்பை நடத்துவது மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். எனவே "எங்கள் கையில் ஒன்றுமில்லை" என்று சென்னையில் யாரும் சொல்லிவிட முடியாது. எது தம் கையில் உண்டு, அதைக்கொண்டு என்ன செய்தோம் என்று தேர்தலுக்கு முன் ஒரே ஒரு தாளில் எழுதித் தரலாம். 2021இல் வாக்களித்த கட்சியிடம் மட்டுமன்று, அதற்குமுன் ஆண்ட கட்சியிடமும் இக்கணக்கு கேட்கவேண்டியதே. துறைமுகம் வந்தது யார் காலத்தில் என்று அவரவர் மற்றவரைச் சுட்டுவது ஓயாது.

கணக்கு கேட்காமல் விட்டதால் என்ன ஆகும் என்பதற்கு மீஞ்சூர் சான்று. 1960களில் ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் ஐக்கிய நாடுகள் உதவியோடு நிலத்தடி நீர் ஆராயப்பட்டு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் கிணறுகள் அமைத்துச் சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுக்கப்பட்டது. எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு வரம்பு வகுப்பதற்குள் கடல்நீர் பல கிலோமீட்டர் உட்புகுந்துவிட்டது. நெல்லும் வாழையும் விளைந்த ஊர்களில் கிணற்றுநீர் உப்புக் கரித்தது. கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது 1987இல். பிறகு 2010இல் அதே மீஞ்சூர் வட்டாரத்தில், காட்டுப்பள்ளிக் கரையில், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கப்பெற்றது. நன்னீரை உப்பாக்கிவிட்டு, உப்புநீரை நன்னீராக்கும் இத்திறத்தை என்னென்பது! என் உறவினர் ஒருவர் மீஞ்சூருக்கு அருகில் தம் வயலை மனைகளாகப் பிரித்து விற்றுவிட்டார். "உப்புத் தண்ணீரில் வீடு முளைக்கும், நெல் முளைக்காது" என்பார். இத்தனை நடந்தும் எந்த ஒரு தேர்தலிலும் மீஞ்சூர்க் கிணறுகளைக் குறித்து ஒரு வேட்பாளரும் பேசிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலம் தொழிற்பூங்காவானபோதும் ஊரார்தாம் தெருவில் நின்றனர்.

மாணவனின் கேள்விக்கு வருகிறேன். அவன் ஊரை அடுத்த பழவேற்காட்டிலேயே ஒரு வாரியம் உண்டு; அதற்குப் பெயர் பாடு. ஏரியில் இறால் மிகுந்து வரும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் யார், எந்த நாளில், எவ்விடத்தில் வலைகட்டுவது என்று சீட்டாலும் முறையாலும் வகுத்துக்கொள்கின்றனர். நல்ல இடம் ஒருவனிடமே தங்காது. முறை தவறினால் ஊர்க்கூட்டம் கேட்கும். உத்திரமேரூரில் ஓலை, இங்கே சீட்டு. இதிலும் குறை உண்டு. பாட்டுரிமை சில குடிகளுக்கே உரியது. பெண்களுக்கும் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கும் அதில் முறை இல்லை. இது குறித்துப் பூசல்களும் உண்டு. ஆயினும் இன்று யாருடைய முறை என்று எந்தப் பாட்டுக்காரரைக் கேட்டாலும் உடனே சொல்வார். மாவட்டத்தின் மணலுக்கோ நிலத்தடி நீருக்கோ அப்படி ஒரு விடையை எந்த அலுவலகத்தில் கேட்டுப் பெறுவது?

சமுதாயப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேட்பாளர்கள் நம் பள்ளிவாசல் வாயிலுக்கும் கோயில் வாயிலுக்கும் தேவாலய வாயிலுக்கும் வரத்தான் செய்கிறார்கள். நாம் அவர்களிடம் சமுதாயக்கூடம் கேட்கிறோம், அடக்கத்தலத்துக்குச் சுற்றுச்சுவர் கேட்கிறோம். கேட்கட்டும், வேண்டியவைதாம். அதே நாற்காலியில் அவரை இன்னும் ஐந்து நிமிடம் அமரவைத்து முகத்துவாரம், ஏரி, கிணறு மூன்றுக்கும் சென்ற ஐந்தாண்டுக் கணக்கைக் கேட்டால் என்ன? எழுதித் தரச் சொல்லவேண்டும். வாய்ச்சொல் வேண்டாம்.

அம்மாணவன் இப்போது தன் பாட்டனாரிடம் கேட்டுப் பாடுகளின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறான். எந்த அகராதியிலும் நான் காணாத சொற்கள் அவற்றுள் பல. சென்ற வாரம் வரை நாற்பத்தொன்று சேர்ந்திருக்கின்றன. சிலவற்றுக்கு நேரே சிறு கோடு இட்டிருந்தான். என்னவென்று கேட்டேன். அங்கே இப்போது வலை கட்டுவதில்லையாம்.