கண்ணீர்ப் பாதையில் நடந்த அடிமைகள் எங்கே?

1838இல் செரோக்கி மக்களைத் துப்பாக்கி முனையில் வீடுகளிலிருந்து வெளியே இழுத்துப் போட்டது அமெரிக்க ராணுவம். இன்றைய ஓக்லஹோமா வரை விரட்டப்பட்டவர்களில் சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்பது மதிப்பீடு. 1987இல் அதே அரசு அந்த வழியைத் தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவித்தது. விரட்டும் சட்டத்தில் 1830இல் கையெழுத்திட்ட ஆண்ட்ரூ ஜாக்சனின் முகமோ இன்னும் 20 டாலர் நோட்டில் இருக்கிறது. பறித்த நிலத்தைப் பற்றிப் பேசாமல் பலகை நடுவதற்குப் பெயர் நினைவேந்தலா?

இதோடு நிறுத்தினால் நாமும் பாதி உண்மையைப் பேசியவர்களாவோம். அந்தப் பாதையில் செரோக்கி செல்வந்தர்களின் கறுப்பின அடிமைகளும் நடந்தார்கள். 1866 ஒப்பந்தம் அவர்களுக்குக் குடியுரிமை தந்தது. 2007இல் செரோக்கி வாக்காளர்களே ‘இரத்த’த்தைக் காரணம் காட்டி அவர்களின் வாரிசுகளை வெளியேற்றினார்கள். 2017இல் நீதிமன்றம் உரிமையை மீட்டுத் தந்தது. செரோக்கி அரசியல் சட்டத்திலிருந்து ‘இரத்தவழி’ என்ற சொல் நீங்கியது 2021இல்தான்.

தோழர்களே, அடிபட்ட காரணத்தாலேயே எவரும் அடிக்காதவர் ஆகிவிடுவதில்லை. இரத்தத் தூய்மைப் பேச்சு நமக்குப் புதிதல்ல. யார் பேசினாலும் எதிர்ப்போம். செரோக்கிகளின் நில உரிமைக்காக நிற்போம். அவர்களின் சுமையைத் தூக்கி நடந்தவர்களையும் சேர்த்தே நினைவேந்துவோம்.