இல்லாத கப்பலும் இருக்கவேண்டிய கேள்வியும்

உலகில் எங்குமே இல்லாத ஒரு விண்கப்பலைப் பற்றி, அதன் இயந்திரம் எங்கே இருக்கவேண்டும், அதன் இருக்கைகளுக்கு வார் வேண்டுமா என்றெல்லாம் படித்தவர்கள் பல்லாண்டுகளாக வாதிட்டு வருகின்றனர். இதைக் கேட்டால் நம் பெற்றோருள் பலர் நகைப்பர். “வயிற்றுக்கு உதவாத வாதம்” என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டிய பயிற்சி ஒன்று அவ்வாதத்தினுள் இருக்கின்றது என்பதே நம் கருத்து.

அமெரிக்க நாட்டில் 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் ‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் தொடங்கிற்று. ஜீன் ரோடன்பெரி என்பார் அதனைப் படைத்தார். விண்மீன்களை நாடிச் செல்லும் ‘எண்டர்பிரைஸ்’ என்னும் கப்பலே கதையின் களம். அதன் வடிவத்தை வரைந்தவர் மேட் ஜெப்ரீஸ். அவர் விமானங்களை நன்கறிந்தவர். தாமே விமானம் ஓட்டியவர். ராக்கெட்டு வேண்டாம், துடுப்பு வேண்டாம், நெருப்புச் சுவாலையும் வேண்டாம் என்று ரோடன்பெரி அவருக்கு நிபந்தனை விதித்தார்.

ஜெப்ரீஸ் அழகை மட்டும் எண்ணி வரையவில்லை. இத்துணை ஆற்றல் மிக்க இயந்திரங்கள் ஆபத்தானவையாகவும் இருக்கும். ஆகவே மனிதர் வாழும் பகுதியைவிட்டு அவை விலகியிருக்கவேண்டும் என்று எண்ணினார். அதனால்தான் அக்கப்பலின் இரு பெரும் இயந்திரங்களும் உடலோடு ஒட்டாமல், தாங்கிகளின்மேல் தனித்து நிற்கின்றன. வெளிப்புறத்தை வழுவழுப்பாக வைத்ததற்கும் காரணம் உண்டு. பழுது பார்ப்போர் காற்றில்லா வெளியில் தொங்காமல், உள்ளிருந்தே வேலை செய்யவேண்டும் என்பதே அது.

இக்காரணம் நம் பெற்றோர்க்குப் புதிதன்று. செம்பனை ஆலையின் கொதிகலனைக் குடியிருப்பு வீடுகளின் நடுவே எவரேனும் அமைப்பரோ? ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்தை வீடுகளை ஒட்டிக் கட்டினால் தீ அபாயம் நேராதோ? இதனை அறிந்த தொழிலாளி ஒருவர், பள்ளிக்கூடத்தில் விண்ணியல் படிக்காதவராயினும், எண்டர்பிரைஸ் பற்றிய வாதத்தில் தக்க காரணத்தோடு பேசலாம்.

ஆனால் வாதம் அங்கே முடிவதில்லை. மெல்லிய தாங்கிகள் அவ்வேகத்தில் முறிந்துவிடாவோ என்று ஒருவர் வினவுவார். கண்ணுக்குத் தெரியாத ஒரு விசை கப்பலைக் கட்டிக்காக்கின்றது என்று பின்னர் வந்த கதைகள் விடையளித்தன. இது விடையா, தப்பித்துக்கொள்ளும் வழியா என்று மற்றொருவர் கேட்பார். நல்ல வாதம் என்பது இதுவே.

இன்னொரு கேள்வியைப் பாருங்கள். அக்கப்பலில் 430 பேர் வாழ்வதாகவும், பயணம் ஐந்தாண்டு என்றும் கதை கூறுகின்றது. ஒருவர்க்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1,290 லிட்டர். ஐந்தாண்டுக்கு 23 இலட்சம் லிட்டருக்கும் மேல் ஆகும். இது ஆறாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய கணக்கேயாகும். விடையைக் கண்டவுடன், இவ்வளவு நீரையும் சுமந்து செல்லுதல் தகுமா என்று அவனே கேட்பான். மெய்யான விண்வெளி நிலையத்தில் சிறுநீரையும் தூய்மையாக்கி மீண்டும் குடிநீராக்குகின்றனர். 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் நம் மலேசியாவின் டாக்டர் ஷேக் முசாபர் சுக்கோர் புறப்பட்டுச் சென்றது அந்நிலையத்திற்கே. அங்கே எடையின்மையால் எலும்பு தேயும். ஆதலின் நெடுநாள் தங்குவோர் நாள்தோறும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கின்றனர். எண்டர்பிரைஸ் மாலுமிகளோ தரையில் இயல்பாக நடக்கின்றனர். எவ்வாறு என்று கேட்பது வீண்பேச்சாகுமா?

இனி, இருக்கை வாரைப் பற்றி நோக்குவோம். பகைவர் தாக்கும்போதெல்லாம் அக்கப்பல் குலுங்கும். மாலுமிகள் இருக்கையிலிருந்து உருண்டு விழுவர். இவ்வளவு முன்னேறிய கப்பலில் ஒரு வார் இல்லையே என்று பார்வையாளர்கள் கேலி செய்தனர். 1979-இல் வந்த முதல் திரைப்படத்தில், கைப்பிடிகள் மடிந்து தொடையைப் பிடித்துக்கொள்ளும் இருக்கைகள் தோன்றின. நம் நாட்டிலோ, காரின் பின்னிருக்கையில் அமர்வோரும் வார் அணியவேண்டும் என்ற சட்டம் 2009-ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது.

கற்பனைக் கப்பலில் வார் எங்கே என்று கேட்கப் பழகிய பிள்ளை, நாளை லாரியின் பின்புறத்தில் ஆட்களை நிற்கவைத்து ஏற்றிச் செல்வதைக் கண்டால் பேசாதிருக்கமாட்டான். களைக்கொல்லி தெளிக்கச் செல்லும் தாயைப் பார்த்து, “அம்மா, கையுறை எங்கே? முகக்கவசம் எங்கே?” என்று கேட்பான். அக்கேள்வி ஓர் உயிரைக் காக்கவுங்கூடும். “பெரியவர்கள் செய்வதைக் கேள்வி கேட்காதே” என்று அடக்கப்பட்ட பிள்ளையிடம் அதனை எதிர்பார்க்க இயலுமா?

எல்லா வாதமும் நன்று என்று நாம் கூறவில்லை. 1975-ஆம் ஆண்டில் பிரான்ஸ் ஜோசப் என்பவர் அக்கப்பலின் உட்புற வரைபடங்களை வெளியிட்டார்; அரிய உழைப்பு அது. ஆயினும், “வரைபடத்தில் இப்படித்தான் இருக்கிறது” என்று கூறி வாதத்தை முடிப்பவர் சிந்தனையையும் முடித்துவிடுகின்றார். அது மனப்பாடமே அன்றி ஆராய்ச்சி அன்று. எதிர்த்துப் பேசியவனை ஏசுவதும் வாதமாகாது. காரணத்தைச் சொல்லவேண்டும், அதைவிடச் சிறந்த காரணம் வந்தால் ஏற்கவேண்டும்.

மாணவச் செல்வங்களே! வரும் விடுமுறையில் நீங்களும் ஒரு விண்கப்பலை வரையுங்கள். சமையலறை எங்கே, கழிவறை எங்கே, தீப்பிடித்தால் வெளியேறும் வழி எங்கே என்று குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். பெற்றோர்களே! பிள்ளை அத்தாளைக் கொண்டுவந்து காட்டும்போது, “போய்ப் பாடத்தைப் படி” என்று விரட்டிவிடாதீர்கள். வேலை முடிந்து களைத்திருப்பினும், “இதை ஏன் இங்கே வைத்தாய்?” என்று ஒரு கேள்வியாவது கேளுங்கள். அவன் சொல்லும் விடையைப் பொறுமையோடு கேட்டருளுமாறு வேண்டுகின்றோம்.