மாத்திரை, மிட்டாய் அல்ல!

காஞ்சிபுரம் இட்லியில் சுக்கு, மிளகு, சீரகம் மூன்றும் சேருகின்றன. வயிறு மந்தப்படக் கூடாது என்ற கவலை இந்த ஊருக்குப் புதிது அல்ல.

ஆனால் இன்று வயிறு உப்பினால் சுக்கைத் தேடுவோர் குறைவு. காலை முதல் மாலை வரை குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறார் தொழிலாளி. தறி நின்றால் கூலி இல்லை. டாக்டரிடம் போக நேரம் ஏது? "வயிற்றுக்கு ஒரு மாத்திரை கொடுங்கள்" என்று கடையில் கேட்டு வாங்கி விழுங்கிவிடுகிறார்.

இதில் ஆபத்து இருக்கிறது.

நரம்புகள் ஆணையிடுவதால்தான் குடல் சுருங்கி விரிந்து உணவைத் தள்ளுகிறது. அந்த ஆணையைச் சுமந்து செல்லும் தூதர்கள் சில ரசாயனப் பொருள்கள். செரோட்டோனின் ஒன்று, டோபமைன் மற்றொன்று. மூளைக்கு உரியது என்று பலர் நினைக்கும் செரோட்டோனினில் 100-க்குச் சுமார் 90 பங்கு குடலில்தான் இருக்கிறது!

இந்தத் தூதர்களின் வேலையில் மருந்து தலையிட்டால், நன்மையும் வரும், தீமையும் வரும்.

காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்களுக்கு ஒன்று தெரியும். புற்றுநோய் மருந்து ஏற்றினால் பலருக்கு வாந்தி வரும். குடலிலிருந்து செரோட்டோனின் பெருகுவதே அதற்கு முக்கியக் காரணம். ஆன்டன்செட்ரான் என்ற மருந்து அதைத் தடுத்து வாந்தியை அடக்குகிறது. அதே மருந்தால் மலச்சிக்கலும் உண்டாகலாம்.

குடலை முடுக்கிவிட வந்தது சிசாப்ரைடு. அது இருதயத் துடிப்பின் சீரைக் கெடுத்தது, உயிர்களும் போயின. அமெரிக்கச் சந்தையிலிருந்து 2000-ல் அது விலக்கப்பட்டது. இந்தியா 2011-ல் தடை செய்தது.

டோம்பெரிடோன் இப்போதும் விற்பனையில் இருக்கிறது. இது டோபமைனைத் தடுத்து இரைப்பையை வேகப்படுத்துகிறது. அமிலத்தை அடக்கும் மருந்தோடு சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் வருகிறது. இருதயத்துக்கு ஆபத்து நேரலாம் என்பதால், 2014-ல் ஐரோப்பாவில் இதற்குக் கட்டுப்பாடு வந்தது. வாந்திக்கும் குமட்டலுக்கும் மட்டுமே தர வேண்டும்; பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கூடாது; வயிற்று உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் தரவே கூடாது என்றார்கள். நம் ஊரில் மக்கள் கடையில் மாத்திரை கேட்பது உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும்தானே?

அறுபது வயதைத் தாண்டியவர்களும், இருதய நோயாளிகளும், வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சாப்பிடும் மருந்து அனைத்தையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சீட்டு இல்லாமல் இம்மருந்துகளைக் கடைக்காரர் தரக் கூடாது.

நெசவாளியை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. தறி வேலை முடிந்த பிறகு, மாலையில் அவர் தெருவுக்கு அருகிலேயே டாக்டர் இருக்க வேண்டும். அதற்கு அதிகாரிகள் வழி செய்யட்டும்.