‘பஞ்ச்’ என்னும் சொல்லும் கோப்பையில் இல்லாத சாராயமும்

திருவனந்தபுரத்தில் வீட்டிலேயே காக்டெயில் கலந்து விருந்தினர்க்குப் பரிமாறும் வழக்கம், பல்கலைக்கழகங்களையும் டெக்னோபார்க்கையும் சார்ந்து வாழும் இளைய தலைமுறையினரிடையே மெல்ல வேர்கொண்டு வருகிறது. பெவ்கோ கடையில் வாங்கிய ரம், இரண்டு எலுமிச்சை, சர்க்கரை, ஒரு குலுக்குக் குவளை. இவற்றோடு தவறாமல் ஒரு வரலாற்றுக் கதையும் பரிமாறப்படுகிறது. அக்கதைகளுள் மிகுதியாகச் சொல்லப்படுவது ‘பஞ்ச்’ பற்றியது: சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், நறுமணப் பொருள் என ஐந்தும் சேர்வதால் அதற்குப் ‘பஞ்ச’ என்று பெயர் வந்தது, ஆங்கிலேயன் அதைத் தன்னோடு எடுத்துச் சென்றான், ஆகவே உலகக் காக்டெயில்களின் தாய் நம் மண்ணுக்குரியவள்.

கதை அழகானது. அதன் ஒரு பாதி உறுதியானதும்கூட. ஆனால் சொல்பவர்கள் பெருமை கொள்வது உறுதியற்ற பாதியைக் குறித்து. உறுதியான பாதியோ பேசப்படுவதே இல்லை.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இச்சொல் குடிவகையைக் குறித்து முதன்முதலில் பதிவாவது 1632-இல். கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ராபர்ட் ஆடம்ஸ் என்பவர், ஆந்திரக் கரையிலிருந்த பேட்டப்பொலி வணிகநிலையத்தில் பணியாற்றிய ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அது வருகிறது. அவ்வூர் இன்றைய நிஜாம்பட்டினம். தெலுங்கில் ஐந்து என்பது ‘ஐது’, தமிழில் ‘அஞ்சு’, மலையாளத்திலும் அதுவே. முதற்பதிவு கிடைக்கும் கரையிலோ, சாராயத்துக்குப் பெயர்பெற்ற மலையாளக் கரையிலோ அன்றாட எண்ணுப்பெயர் ‘பாஞ்ச்’ அன்று. ஆங்கிலேயர் முன்பே சூரத்தில் நிலைகொண்டிருந்தனர், அங்கே குஜராத்தியிலிருந்து கற்றிருக்கலாம் என்று இதற்கு விடை கூறலாம். அவ்விடையை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் அது இடையூற்றைத் தீர்க்கவில்லை. ஓரடி தள்ளி வைக்கிறது, அவ்வளவே.

உண்மையான இடையூறு உயிரொலியில் இருக்கிறது. இன்று நாம் இச்சொல்லைப் ‘பஞ்ச்’ என அகரம் இட்டு எழுதுகிறோம். எழுதியவுடன் ‘பஞ்ச’ என்பதன் உறவு நம் செவிக்குத் தானாகவே புலப்பட்டுவிடுகிறது. ஆனால் அந்த அகரச்சாயல் ஆங்கிலத்தில் பின்னர் நிகழ்ந்த ஒலிமாற்றத்தின் விளைவு. ‘கப்’, ‘லக்’ முதலிய சொற்களில் இன்று ஒலிக்கும் உயிர் முன்பு குறில் உகரமாகவே இருந்தது. ‘புல்’, ‘புஷ்’ போன்ற சொற்கள் அப்பழைய ஒலியை இன்றும் காத்து நிற்கின்றன. இப்பிளவு தென் இங்கிலாந்தில் தலைகாட்டத் தொடங்கியது 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டித்தான். வட இங்கிலாந்தின் பேச்சில் இன்றும் அது நிகழவில்லை. 1632-இல் அக்கடிதத்தை எழுதியவர் வாயில் அச்சொல் ‘புஞ்ச்’ என்பதற்கு அருகிலேயே ஒலித்திருக்க வேண்டும். பிற ஐரோப்பியர் செவிகளும் இதற்குச் சான்று. 1638-இல் சூரத்துக்கு வந்த ஜெர்மானியப் பயணி மாண்டெல்ஸ்லோ அக்குடிவகையைப் ‘பாலெபுன்ட்ஸ்’ என்று எழுதினார். பிரெஞ்சுக்காரரான பெர்னியே ‘பூலெபோன்ஜ்’ என்றார். இரண்டும் ‘பஞ்ச் நிறைந்த கிண்ணம்’ என்னும் ஆங்கிலத் தொடரின் சிதைவுகள். இரண்டிலும் கேட்பது உகரமும் ஒகரமும். அகரத்தை எங்கும் காணோம்.

ஐந்து என்னும் விளக்கத்தைப் பரப்பியவர் 1670-களில் இந்தியாவில் இருந்த மருத்துவர் ஜான் பிரையர். அவருடைய நூல் 1698-இல் வெளிவந்தது. அதற்குள் தென் இங்கிலாந்தின் உயிரொலி நகரத் தொடங்கிவிட்டது. ஒலி நெருங்கிய பிறகுதான் இவ்வுறவு காதில் பட்டது என்று கருத இடமுண்டு. அவ்வாறாயின், இன்று திருவனந்தபுரத்து விருந்துகளில் சொல்லப்படுவது முந்நூற்றுச் சொச்சம் ஆண்டு வயதுள்ள ஓர் ஆங்கிலேயரின் செவிவழிச் சொற்பிறப்பு. நம் பாட்டிமார் சொன்ன கதை அன்று அது.

எதிர்த்தரப்பார் கையாளும் ஒரு வாதத்தை மட்டும் ஏற்க இயலாது. பழைய குறிப்புகளில் ஐந்து பொருள் இல்லை, மாண்டெல்ஸ்லோவின் பட்டியலில் மதுவும் பன்னீரும் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையுமாக நான்கே உள்ளன, ஆகவே ‘பஞ்ச’ பொருந்தாது என்பர். பழனிப் பஞ்சாமிர்தத்தை உண்டு வளர்ந்த எவரையும் இவ்வாதம் அசைக்காது. வாழைப்பழம், வெல்லம், தேன், நெய், ஏலம், பேரீச்சை, கற்கண்டு என்று அதில் விரல்விட்டு எண்ணினால் ஐந்தைத் தாண்டிவிடும், பெயரோ மாறவில்லை. எண்ணுப்பெயர் ஒரு பொருளுக்கு ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மறுதரப்பினர் முன்வைக்கும் ‘பஞ்சன்’ என்னும் பெரும்பீப்பாய்ப் பெயர் ஒலிக்குப் பொருந்துகிறது. ஆனால் பீப்பாய்க்கும் கிண்ணத்துக்கும் இடையே வழக்கு எப்படி மாறியது என்பதற்குச் சான்று காட்டுவோர் இல்லை. ஆக்ஸ்போர்டு அகராதியும் இதனால்தான் ‘ஐந்து’ விளக்கத்தை ஐயத்துடன் கையாளுகிறது.

சொல்லை இங்கே விட்டுவிடலாம். உறுதியான பாதி வேறோரிடத்தில் இருக்கிறது: கிண்ணத்தில் ஊற்றப்பட்ட மது. ‘வியர்வை’ எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த ‘அராக்’ என்னும் சாராயமே தொடக்ககாலப் பஞ்சின் உயிர்நாடி. வடிகலத்தின் கழுத்தில் துளித்துளியாக ஆவி குளிர்ந்து வழிவதைப் பார்த்தவர்கள் அதற்கு வியர்வை என்று பெயரிட்டதில் வியப்பில்லை. தென்னங்கள்ளைச் சீவி இறக்கி, காய்ச்சி, வடிக்கும் முறையை டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன் 1596-இல் வெளியிட்ட நூலிலேயே விரித்துரைத்தார். தென்னங்கள்ளில் வடித்த கோவாச் சாராயமும், ஜாவாவின் படேவியாச் சாராயமும் இங்கிலாந்தில் பேர்பெற்ற இரு வகைகள். மலையாளத்தில் ‘றாக்கு’ என்று சொல் முதலுயிரை இழந்ததைப் போலவே ஆங்கிலத்திலும் அது ‘ரேக்’ ஆயிற்று. தாக்கரேயின் ‘வேனிட்டி ஃபேர்’ நாவலில் கம்பெனி அதிகாரி ஜோஸ் செட்லி அளவுமீறிக் குடித்து அவமானப்படுவது அந்த ‘ரேக் பஞ்ச்’ கிண்ணத்தால்தான்.

1806-இல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரில் ஓர் இதழ் ‘காக்டெயில்’ என்பதற்கு மது, சர்க்கரை, நீர், கசப்புச்சாறு என்று இலக்கணம் வகுத்தபோது, பஞ்ச் அதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு மூத்த உறவாகிவிட்டிருந்தது. கிண்ணத்தில் பலருக்குக் கலந்தது சுருங்கி ஒருவர் குவளைக்கு வந்தது.

இந்த வரலாற்றைப் பெருமையுடன் சொல்லும் வீட்டில், சாராயம் என்னும் சொல்லை விருந்தினர் முன் உச்சரிப்பார்களா? மாட்டார்கள். ‘ஸ்பிரிட்’ என்பார்கள், ‘டிரிங்க்’ என்பார்கள். ஒரே பொருளுக்கு வழங்கும் இரு சொற்களில் ஒன்று வரவேற்பறையிலும் மற்றொன்று காவல்நிலையக் குறிப்பேட்டிலும் வாழ்கிறது. இந்த இழிபொருள் எளிதில் வந்ததன்று. 1982 ஓணத்தின்போது வைப்பீனில் உரிமம் பெற்ற கடைச் சாராயத்தில் மெத்தனால் கலந்து 77 பேர் இறந்தனர். 2000-இல் கல்லுவாதுக்கலில் 30-க்கும் மேற்பட்டோர். 2024-இல் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். இடையே, 1996 ஏப்ரல் 1 முதல் கேரளத்தில் சாராயம் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அப்போது தடைக்குள்ளான சாராயம் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து பெற்ற எரிசாராயத்தை நீர்த்துத் தந்ததே. லின்ஸ்கோட்டன் கண்ட தென்னஞ்சாராயத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு பொதுமை இல்லை. சொல் நின்றது; பொருள் அடியிலிருந்து உருவப்பட்டுவிட்டது.

உரிமமின்றி வடிப்பது இன்று கேரளத்தில் குற்றம். கொச்சி அரசில் கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது 1902-இல், இயற்றப்பட்ட அப்காரிச் சட்டமே இன்றும் மாநிலம் முழுமைக்கும் உரியது. (‘அப்காரி’ பாரசீகச் சொல், சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நீர்வேலை’!) கள்ளுக்கு உரிமம் உண்டு. ஆனால் பாறசாலையைக் கடந்து களியக்காவிளைக்குள் நுழைந்தால் அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்கும் தடை. 1956 வரை ஒரே நாடாக இருந்த நிலம், ஒரே பனை, இரு மொழிகளிலும் ஒரே ‘கள்’. ஒரு பக்கம் ஷாப்பு, மறுபக்கம் வழக்கு.

கள்ளிறக்கியவர்களைப் பற்றி காக்டெயில் நூல்களில் ஒரு வரியும் இருப்பதில்லை. இங்கு மொழியே அவர்களுக்கு ஆவணம். பழந்தமிழில் ‘ஈழம்’ என்பதற்குக் கள் என்ற பொருளும் உண்டு. பல்லவர், சோழர் செப்பேடுகளில் வரும் ‘ஈழம்பூட்சி’ கள்ளிறக்குவோர் செலுத்திய வரி. மரம் ஏறியவர்கள் ஈழவரும் நாடாரும். அத்தொழிலின் பெயராலேயே திருவிதாங்கூரில் அவர்கள் தீண்டாமைக்கும் ஆளானார்கள். காரியவட்டம் வளாகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள செம்பழந்தியில் பிறந்த ஸ்ரீ நாராயண குரு, மதுவைக் காய்ச்சவும் கொடுக்கவும் அருந்தவும் கூடாது என்று தம் மக்களிடம் சொன்னார். அதை வெறும் ஒழுக்கவுரையாகப் படிப்பது பிழை. எந்தத் தொழில் ஒரு சமூகத்தின் கழுத்தில் இழிவாகக் கட்டப்பட்டதோ, அதைக் கழற்றி எறியும் முயற்சி அது. தென்னஞ்சாராயத்தை ‘நம் மரபு’ என்று இன்று கொண்டாட முற்படுவோர் இக்குரலைக் கேட்காமல் கடந்து செல்வது நேர்மையாகாது. மரத்தில் ஏறாதவர்களுக்கே மரபு இனிக்கிறது.

ஜின்னும் டானிக்கும் பற்றிய கதையிலும் இதே போக்கைக் காணலாம். மலேரியாவை விரட்டவே வெள்ளையர் குயினைன் நீரோடு ஜின் அருந்தினர் என்று சொல்லப்படுகிறது. இன்றைய டானிக் நீரில் லிட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல் குயினைன் இருக்கக்கூடாது என்பது அமெரிக்க வரம்பு. வளர்ந்தவர் ஒருவருக்கு மருத்துவ அளவோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிகிராம். அந்த அளவை எட்ட இருபது லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும்! கதையில் இடம்பெறாதது நீலகிரி. 1860-இல் மார்க்கம் கொணர்ந்த சின்கோனாவை மெக்கைவர் உதகையில் வளர்த்தார். நடுவட்டத்துத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுள் கடல்கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தனர். அவர்களை அடைத்த சிறைக்கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது.

வீட்டில் பஞ்ச் கலப்பது எளிது. நன்றாகக் கலப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். எலுமிச்சைத் தோலை வெள்ளைப்பகுதி படாமல் சீவி, சர்க்கரையோடு பிசைந்து, ஒரு மணி நேரம் வைத்தால் தோலின் எண்ணெய் சர்க்கரையில் இறங்கும். அதைச் சாற்றில் கரைத்து, மதுவும் அதைவிடச் சற்று மிகுதியாகக் குளிர்நீரும் சேர்த்து, மேலே ஜாதிக்காயைத் துருவலாம். 17-ஆம் நூற்றாண்டில் அந்த ஜாதிக்காய் பாண்டாத் தீவுகளிலிருந்து வந்தது. அதன் வணிகத்தைத் தனதாக்க டச்சுக் கம்பெனி 1621-இல் அத்தீவு மக்களைப் பெரும்பாலும் அழித்தொழித்தது. இன்று கேரளமே இந்தியாவின் ஜாதிக்காய்த் தோட்டம்; சாலைக் கடைத்தெருவில் நல்ல காய் கிடைக்கும்.

கிடைக்காதது மது ஒன்றே. இலங்கையின் தென்னஞ்சாராயம் பழைய பஞ்சுக்கு மிக நெருங்கியது. அது கைக்கு எட்டாதபோது பெரும்பாலோர் திருவல்லாவில் அரசு ஆலை செய்யும் ஜவான் ரம்மை ஊற்றிக்கொள்கின்றனர். இப்பற்றாக்குறை புதிதன்று. 1862-இல் நியூயார்க்கில் வெளியான ஜெர்ரி தாமஸின் கையேட்டில் சாராயப் பஞ்சுக்கு அடுத்து ‘போலிச் சாராயப் பஞ்ச்’ ஒன்றும் இருக்கிறது. சாராயம் கிடைக்காதவர் பஞ்சில் சிறிது பென்சாயின் பூவைச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் அவர். பென்சாயின் என்பது நாம் வெள்ளிக்கிழமைதோறும் தணலில் இடும் சாம்பிராணி.