குறைந்த சூடு மட்டும் போதுமா?

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் முன்பு சோப்புத் தண்ணீரில் வேக வைப்பார்கள். நூலின் மேல் இருக்கும் செரிசின் என்ற பசை அதில் கரைந்து போகும். எடையில் 20 முதல் 25 சதவீதம் காலி! இழை முறுக்கும்போது நூலைக் காப்பாற்றியது அந்தப் பசைதான். ஆனால் அது போனால்தான் பட்டுக்குப் பளபளப்பு. போகும் எடையைக் கணக்கில் வைக்காதவர் பட்டுத் தொழில் நடத்த முடியாது.

பெயின்ட் தொழிலிலும் இதே கதை உண்டு. 1937ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்தது பாலியூரித்தேன். ஐசோசயனேட்டும் பாலியாலும் சேர்ந்தால் அது உருவாகும். இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்து வைத்தால் கடைக்கு வரும் முன்பே இறுகிவிடும். அதனால் ஐசோசயனேட்டின் வாயை வேறொரு பொருளால் அடைத்து வைக்கிறார்கள். அதுதான் பிளாக்கிங் ஏஜென்ட். அடுப்புச் சூட்டில் அது கழன்று ஆவியாகப் போகும், பூச்சு இறுகும்.

இதற்கும் காஞ்சிபுரத்துக்கும் என்ன சம்பந்தம்? தறி வேண்டாம் என்று கிளம்பும் பையன்கள் வேலை தேடிப் போவது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தானே. கார் தயாரிப்பில் உடல் பகுதியைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சிப் போடும் முதல் பூச்சில் இந்தச் சரக்குதான் வேலை செய்கிறது. வழக்கமாக அதற்கு 160 முதல் 180 டிகிரி வரை சூடு வேண்டும். பிளாஸ்டிக் பம்பரை அந்த அடுப்பில் வைத்தால் நெளிந்துவிடும். எரிபொருள் செலவு வேறு. அதனால்தான் உலகம் முழுக்க 'குறைந்த சூடு, குறைந்த சூடு' என்று தேடுகிறார்கள். கேப்ரோலாக்டம் 160க்கு மேல் கேட்கும். மெக்கோ எனப்படும் ஆக்சைம் 140 வாக்கில் கழலும். டைமெத்தில் பைரசோல் 120 பக்கத்திலேயே கழன்றுவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், பாலிமர் அறிவியல் துறையில் சுல்தான் நாசர் குழுவினரும் எந்த மூலக்கூறு எவ்வளவு சூட்டில் கழலும் என்று ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்.

நல்ல விஷயம்தான். ஆனால் டிகிரியை மட்டும் பார்த்து வாங்குவது பாதிக் கணக்கு.

முதலில் எடை. 42 கிராம் ஐசோசயனேட் தொகுதியை அடைக்க 87 கிராம் மெக்கோ வேண்டும். கேப்ரோலாக்டம் என்றால் 113 கிராம். காசு கொடுத்து வாங்கி, லாரியில் ஏற்றி வந்து, சூடாக்கிப் புகைபோக்கி வழியே அனுப்பும் சரக்கு இது! மெலோனேட் வகையோ ஆல்கஹாலை மட்டும் விட்டுவிட்டுப் பெரும்பாலும் பூச்சிலேயே தங்கிவிடும்.

இரண்டாவது, கிடங்கு. சீக்கிரம் கழலும் பொருள் டப்பாவிலேயே கழலவும் வாய்ப்பு அதிகம். மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கிடக்கும் சரக்கு கெட்டால் மிச்சம் பிடித்த எரிபொருள் காசு அதிலேயே போகும்.

மூன்றாவதுதான் முக்கியம், மூச்சு. ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும். அதன் வாயை அடைத்து வைப்பதால் தொழிலாளிக்கும் பாதுகாப்புதான். ஆனால் அடைத்த பொருளும் சாது இல்லை. மெக்கோவைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தி, அது 2022 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. பெரிய ஆலையில் ஆவியை உறிஞ்ச வசதி இருக்கும். சின்னப் பட்டறையில் அடுப்புக் கதவைத் திறப்பவர் முகத்தில்தானே அடிக்கும்?

ஆகவே விலைப்பட்டியல் கேட்கும்போது மூன்று கேள்வி கேட்க வேண்டும். எத்தனை டிகிரி? எவ்வளவு ஆவியாகப் போகும்? அது எங்கே போகும்? முதல் கேள்விக்குப் பதில் டப்பாவிலேயே இருக்கும். மற்ற இரண்டையும் கேட்டு வாங்கினால்தான் உண்டு. பசை போன பிறகு பட்டு எவ்வளவு மிஞ்சும் என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் பார்த்த ஊருக்கு இது பெரிய பாடமா என்ன?