பழைய ஷூ மலை ஏறுமா?

"அத்தான், உங்க ஷூ என்னைக் கவுத்துடுச்சு!"

வெள்ளியங்கிரி மலைக்குப் போய்விட்டு வந்த என் மைத்துனன், இரண்டு நண்பர்களின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் நொண்டியபடி வாசலில் நின்று சொன்ன முதல் வார்த்தை இதுதான். வலது கணுக்கால் பூரி மாதிரி உப்பியிருந்தது.

குற்றவாளி நான்தான். அவன் புது ஷூ வாங்கக் கிளம்பியபோது, "மாப்ளே, ஒரு நாள் கூத்துக்கு எதுக்கு ஆயிரக்கணக்கில செலவு பண்றே? என் ஷூ பரண்ல சும்மாதான் கிடக்கு. ரெண்டே தடவைதான் போட்டிருக்கேன்" என்று எடுத்துக் கொடுத்தவன் நான். எட்டு வருஷம் அட்டைப் பெட்டியில் தூங்கிய ஷூ. துடைத்துப் பார்த்தால் கடையில் இருந்து அன்றைக்குத்தான் வந்த மாதிரி பளபளவென்று இருந்தது. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது, நாலாவது மலையில், அடிப்பாகம் அப்படியே வாயைப் பிளந்துவிட்டது. நடுவில் இருந்த மெத்தை போன்ற பகுதி காய்ந்த கேக் மாதிரி உதிர்ந்ததாம். கால் பிசகி விழுந்திருக்கிறான். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனாலும் ஒரு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை.

"இனிமே இந்த வீட்டுல பழைய சாமான் பேச்சையே எடுக்கக் கூடாது!" என்று என் மனைவி சட்டம் போட்டுவிட்டாள். அவள் கோபம் நியாயமானது. தம்பி அல்லவா! ஆனால் அந்தச் சட்டத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எல்லோரும் மலைக்குப் போகிறார்கள்

முன்பெல்லாம் மலை ஏறுகிறவர்கள் என்றால் பக்தர்கள், விறகு வெட்டுகிறவர்கள், எங்களைப் போல மூலிகை தேடுகிறவர்கள். இப்போது அப்படியில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசே மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 40 வழித்தடங்களை அறிவித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஐ.டி. கம்பெனி இளைஞர்கள், ஓய்வு பெற்ற தம்பதிகள் என்று எல்லோரும் கிளம்புகிறார்கள். ஒரு வைத்தியனாக எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம். நடப்பதைவிட நல்ல மருந்தை நான் இன்னும் எழுதிக் கொடுத்ததில்லை.

ஆனால் என்னிடம் வருகிறவர்கள் கேட்கிற கேள்வி வேறு. "டாக்டர், ஷூ, ஜெர்கின், முதுகுப் பை, கைத்தடி எல்லாம் சேர்த்தா ரெண்டு பேருக்கு ஒரு மாசச் சம்பளம் போயிடும் போலிருக்கே?" என்கிறார்கள். சிலர் அதற்குப் பயந்தே போகாமல் விட்டுவிடுகிறார்கள். சிலர் தவணையில் வாங்கி, ஒரே ஒரு முறை போய்விட்டு, பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

இங்கேதான் பழைய சாமான் உதவிக்கு வருகிறது. ஒருவர் ஒருமுறை உபயோகித்துவிட்டு விற்கிற பொருளைப் பாதி விலைக்கும் குறைவாக வாங்குவதில் என்ன கௌரவக் குறைச்சல்? பழைய புத்தகம் வாங்கிப் படித்தோம். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டான். 1985-ல் எரிந்து போகும் வரை சென்னை மூர் மார்க்கெட்டில் பேரம் பேசாத நடுத்தரக் குடும்பம் உண்டா? அப்போது இல்லாத வெட்கம் இப்போது எங்கிருந்து வந்தது?

எங்கே தேடலாம்?

சென்னைக்காரர்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. ஊசியிலிருந்து உடற்பயிற்சிச் சாதனம் வரை கிடைக்கும். கொஞ்சம் பொறுமையும், காலையிலேயே போகிற சுறுசுறுப்பும் வேண்டும். பழையது என்றாலே கூச்சப்படுகிறவர்கள், ஏற்றுமதியில் தங்கிப்போன புதுச் சரக்கைத் தேடலாம். திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் துணிகளும், ஆம்பூரில் ஷூக்களும் அப்படிக் கிடைக்கின்றன. ஒரு தையல் கோணல், நிறத்தில் லேசான வித்தியாசம் என்று ஒதுக்கப்பட்டவையும் அதில் இருக்கும். மலைக்கு அது தெரியவா போகிறது?

எல்லாவற்றையும்விட நல்ல கடை, உங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பரண். கேட்டால் காசில்லாமலே கிடைக்கும். ஆனால், என் ஷூ கதையை மறக்காதீர்கள்!

எதைத் தைரியமாக வாங்கலாம்?

முதலில் கம்பளி ஸ்வெட்டர். பழைய சாமானில் ராஜா இதுதான். சுத்தமான கம்பளி, லேசாக நனைந்தாலும் உடம்புச் சூட்டைக் காப்பாற்றும். பருத்தி அப்படியில்லை. வியர்வையிலோ மழையிலோ நனைந்துவிட்டால், உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெள்ளியங்கிரியில் இரவில் ஏறி ஏழாவது மலையில் காற்று வீசும்போது பனியன் ஈரமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று போனவர்களைக் கேளுங்கள். நான் பல்லாவரத்தில் 150 ரூபாய்க்கு வாங்கிய ஸ்வெட்டர் ஐந்து வருஷமாக உழைக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது முதுகுப் பை. இடுப்பில் கட்டும் பட்டை அகலமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பாரம் தோளில் தொங்கக் கூடாது, இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். கழுத்து வலி, தோள்பட்டை வலி என்று மலையிலிருந்து நேராக என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டை இல்லாத பையைத் தூக்கியவர்கள்தான். ஜிப்பைப் பத்து முறை இழுத்துப் பாருங்கள். பைக்குள் கையை விட்டுத் தடவுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, வெள்ளையாகச் செதில் உதிர்ந்தாலோ உள்பூச்சு செத்துவிட்டது என்று அர்த்தம். மழைக்கோட்டுக்கும் இதே சோதனைதான்.

மூன்றாவது, கைத்தடி. இறங்கும்போது முழங்காலில் விழுகிற பாரத்தைக் கைகளும் பங்கு போட்டுக்கொள்ளும். நீட்டி மடக்கும் தடி என்றால், நீட்டிப் பூட்டிவிட்டு உங்கள் முழுக் கனத்தையும் அதன்மேல் போட்டுப் பாருங்கள். வழுக்கி உள்ளே போனால் வேண்டாம். மூங்கில் தடியும் அதே வேலையைச் செய்யும்.

எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், தலையில் மாட்டும் டார்ச் இவையும் வாங்கலாம். டார்ச்சில் பேட்டரி போடும் இடத்தைத் திறந்து, பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஷூவில்தான் சூட்சுமம்!

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். இந்த வகை ஷூக்களில் பலவற்றின் நடு அடிப்பாகம் பாலியூரிதேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். போட்டு நடந்தாலும் சிதையும், பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் சிதையும். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் ஷூவைப் பொறுத்தவரை 'அதிகம் போடவே இல்லை' என்பது நற்சான்றிதழ் அல்ல. 'எத்தனை வருஷம் ஆச்சு?' என்பதுதான் கேள்வி. ஐந்து வருஷத்துக்கு மேல் என்றால் சந்தேகப்படுங்கள்.

கட்டை விரலால் அடிப்பாகத்தின் பக்கவாட்டை அழுத்துங்கள். அமுங்கி மீள வேண்டும். ஷூவை நன்றாக வளையுங்கள். கீறல் விட்டாலோ, மாவு மாதிரி உதிர்ந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு மேஜை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்திருந்தால், அது இன்னொருவருடைய நடை. அந்தச் சாய்வு உங்கள் கணுக்காலையும் முழங்காலையும் பழிவாங்கும்.

சாயங்காலம் போய், காலுறையோடு போட்டுப் பாருங்கள். பகல் முழுக்க நடந்தால் பாதம் கொஞ்சம் வீங்கும், மலையிலும் அப்படித்தான். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் கறுத்துவிடும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் ஒரு கண்டிப்பான வார்த்தை. அடுத்தவர் போட்ட ஷூ உங்களுக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கொப்புளம் வந்ததே தெரியாது, புண்ணானதும் தெரியாது. ஷூவில் மிச்சம் பிடித்த காசு ஆஸ்பத்திரியில் போய்விடும். காசு போனால் பரவாயில்லை, கால் போகக் கூடாது.

கையாலும் தொடாதீர்கள்

உள்ளாடை, காலுறை இரண்டும் புதிதாகவே இருக்கட்டும். கயிறு, ஹெல்மெட் போன்று உயிரைத் தாங்குகிற பொருள்களைப் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே விட்ட விரிசல் வெளியே தெரியாது. பாறை ஏறுகிற பயிற்சிக்குப் போனால் அங்கே நல்ல நிலையில் இருப்பதைத் தருவார்கள், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கேஸ் அடுப்பு, அரைகுறை சிலிண்டர் வேண்டாம். முதலுதவிப் பெட்டி 'சும்மா' கிடைத்தால், உள்ளே இருக்கும் மருந்துகளின் தேதியைப் பார்த்துக் காலாவதியானதை வீசுங்கள்.

வீட்டுக்குள் விடும் முன்...

அடுத்தவர் துணியோடு சொறி சிரங்கும் மூட்டைப்பூச்சியும் இலவசமாக வரலாம். துவைக்கக்கூடிய துணிகளை, கை பொறுக்காத சூட்டில் உள்ள வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். சிரங்குப் பூச்சி 50 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பத்து நிமிஷத்தில் செத்துவிடும். கம்பளியை வெந்நீரில் போட்டால் சுருங்கி, குழந்தைக்குத்தான் ஆகும்! அதை ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். மனித உடம்பில்லாமல் சிரங்குப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மூட்டைப்பூச்சி அப்படியில்லை. மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். ஆகவே பையின் தையல் மடிப்புகளைக் கடையிலேயே விரித்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் வாங்காதீர்கள்.

ஷூவின் உள் அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் குடியிருப்பது அங்கேதான். பிறகு இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள்.

"வேப்பிலைப் புகை போட்டால் போதாதா டாக்டர்?" என்று கேட்பீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், போதாது. வேப்பிலைக்கு அதன் வேலை உண்டு. துணி விஷயத்தில் வெந்நீருக்கும் சோப்புக்கும் அது மாற்று அல்ல. மீறி விரலிடுக்கில் அரிப்பு வந்தால் கண்டதைத் தடவாமல் வைத்தியரைப் பாருங்கள்.

பழையதாகக் கிடைக்காத ஒன்று

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் மூலிகை பார்க்கக் குற்றால மலைக்கும் பாபநாசத்துக்கும் போவோம். எங்களிடம் கேன்வாஸ் ஷூவும் துணிப் பையும்தான். எங்களுக்கு முன்னால் மலைவாசிப் பெரியவர் ஒருவர் வெறுங்காலோடு போவார். நாங்கள் மூச்சிரைத்து நிற்கும்போது அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். மலை ஏறுவது சாமான் அல்ல, உடம்பு.

2024 மார்ச்சில் வெள்ளியங்கிரியில் ஏறிய பக்தர்கள் சிலர் மூச்சுத்திணறி, மயங்கி இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சுக் கோளாறு உள்ளவர்கள், பழைய சாமானில் மிச்சம் பிடித்த பணத்தில் முதலில் ஒரு இருதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு மாதம் முன்பே தினமும் நடங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள். முழங்காலும் இருதயமும் எந்தச் சந்தையிலும் கிடைக்காது.

என் மைத்துனன் அடுத்த வருஷமே மறுபடி வெள்ளியங்கிரி ஏறினான். ஷூ மட்டும் புதிது. என் மனைவியே கூடப் போய் வாங்கிக் கொடுத்தாள். பை பழையது. ஸ்வெட்டர் என்னுடைய 150 ரூபாய் ஸ்வெட்டர். கிளம்பும்போது அதைக் கையில் வாங்கியவன், "அத்தான், இது உதிராதில்ல?" என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தான்.

நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். வாங்குங்கள், ஆனால் இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.