ஆடியில் அந்தமானா?

ஆடியில் வியாபாரம் மந்தம். அப்போது குடும்பத்துடன் அந்தமான் போய்வரலாம் என்று நமது திருவையாற்று வணிகர்கள் சிலர் கணக்குப் போடுகின்றனர். அது சரிவராது என்பதே நம் கருத்து. மே மூன்றாம் வாரத்தையொட்டி அங்கே பருவமழை தொடங்கிவிடும். கடல் கொந்தளித்தால் ஹேவ்லாக்குக்கு (2018 முதல் ஸ்வராஜ் தீவு) படகு ஓடாது. விடுதி அறையில் உட்கார்ந்து மழை பார்க்க வேண்டியதுதான்.

தை, மாசியில் கடல் அமைதி. ஆனால் ஆராதனைக் கூட்டமும் சம்பா அறுவடைப் பணமும் கடைக்கு வருவது அப்போதுதான். பிள்ளைகளுக்கும் பள்ளி உண்டு.

ஆகவே ஏப்ரல் 20-க்குள் ஜி.எஸ்.டி. கணக்கை முடித்து, ஏழூர்த் திருவிழா நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்து விலக்கி, மே 10-க்குள் திரும்புவதே உத்தமம். ஒரே தெரு மளிகைக்காரர்கள் முறை வைத்துப் போனால் வாடிக்கை சிதறாது. வருடமெல்லாம் கல்லாவில் உட்காரும் நமக்கு, குடும்பத்துக்காக ஐந்து நாள் கடை அடைப்பது நஷ்டமல்ல.